மாமிமாரை மலைக்கு மேய்க்கக் கொண்டுபோன தபோதரன்

தபோதரன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஜெர்மனியில், ஹம் நகரத்து ஒரு கலியாண மண்டபத்தின் குசினியில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த சுந்தரேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேவமலரக்காவின்ரை மருமோன் தபோதரன் மாடுகளோட போய் இருக்கிறானாம்" என்றாள். அந்தக் கண்ணீர் வெங்காயத்துக்கா தபோதரனுக்கா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஹம்மில் யாராவது ஒரு சொந்தக்காரனின் பெயரைச் சொல்லி, அவனை எனக்குத் தெரியாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு விசாரித்தேன். தேவமலரின் தம்பி கனகசூரியம், சண்டிலிப்பாயில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். அவருடைய இரண்டாவது பெடியன்தான் இவன். கனகசூரியம் கலியாணம் முடித்தது என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகளை. சண்டைக்குள் அவர்கள் எங்கெங்கோ இடம்பெயர்ந்ததில் தொடர்பு விட்டுப்போயிற்று. அந்த வழியில் பார்த்தால் தபோதரன் எனக்குப் பெறாமகன். இன்னொரு வழியில் பார்த்தால் பேரன் முறை வரும். அந்த வழியை நான் எடுப்பதில்லை.

தேவமலர் அதுவரைக்கும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த கதை வேறு. மருமகன் பயர்ன் மாநிலத்து மலைப்பிரதேசத்தில் பொறுப்பான வேலையில் இருக்கிறான், அவனுக்குக் கீழே பெரிய கூட்டம், அவன் வா என்றால் வரும், நில் என்றால் நிற்கும் என்று சொல்லியிருந்தாள். பொய் என்று சொல்ல ஏலாது. கூட்டத்துக்கு நாலு கால் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு யாரோ ஒரு படத்தை வட்சப்பில் போட்டார்கள். தபோதரன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு பசு மாடு அவன் காதை நக்குகிறது. அந்தப் படத்துக்குப் பிறகு தேவமலர் இரண்டு கலியாணங்களுக்கு வரவில்லை.

அவன் அங்கே போன விதத்தைச் சொல்ல வேண்டும். சண்டை முடிந்த அடுத்த வருடம் ஜெர்மனிக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டான். மாமி ஹம்மில் இருக்கிறா, என்னையும் அங்கே விடுங்கோ என்று கேட்டான். அவர்கள் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நாட்டின் மற்ற நுனியில், அல்கோய் மலைக்குள் இருக்கிற ஹின்டர்பாஹ் என்ற பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிட்டார்கள். ரயிலில் போய், பஸ்ஸில் போய், பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, இன்னொரு சின்ன பஸ்ஸில் போக வேண்டும். அந்தச் சின்ன பஸ் திரும்புகிற இடம்தான் ஹின்டர்பாஹ். அதற்கு அப்பால் ரோட்டுக்கே போக இடமில்லை. மலை மறித்துக்கொண்டு நிற்கிறது.

பிள்ளைகள் குறைந்து மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் அவனைக் குடிவைத்தார்கள். முதல் மாரியில் ஒருநாள் காலமை தேவமலருக்கு ரெலிபோன் எடுத்து, "மாமி, கதவைத் திறந்தன். கதவுக்கு அங்காலை வெள்ளையாய் இன்னொரு கதவு நிக்குது" என்றானாம். அது ஸ்னோ. தேவமலர் அதைத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அவனும் தட்டியிருக்கிறான். அந்தப் பக்கத்தில் இருந்து யாரோ திருப்பித் தட்டினார்களாம். மண்வெட்டியோடு வந்து நின்ற கஸ்பார்தான் அது.

கஸ்பார் அந்தப் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் சங்கத்துக்குத் தலைவர். பெரிய மீசை, சின்ன ஆள். அவரை எல்லாரும் கொல்லன் வீட்டுக் கஸ்பார் என்பார்கள். அந்த வீட்டில் கொல்லன் இருந்து பல தலைமுறையாகிறது. என்னவென்றால், ஹின்டர்பாஹில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே குடும்பப் பெயர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். அதனால் வீட்டின் பெயரைச் சொல்லித்தான் ஆளைச் சொல்வார்கள். கொல்லன் வீடு, ஆலை வீடு, மேல்வளவு வீடு, இப்படி. எங்கள் ஊரிலும் இதைத்தானே செய்தோம், இதில் என்ன புதினம் என்று இதைச் சொன்ன தேவமலரிடம் நான் கேட்டேன்.

கஸ்பார் தபோதரனைத் தன் வீட்டுப் பட்டியில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரன் மகனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும். முதல்நாள் ஒரு மாடு தும்மியதற்கு வைக்கோல் வண்டிக்கு மேல் ஏறி நின்றவன், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கினான். ஆனால் பெடியனிடம் ஒரு குணம் இருந்தது. அவசரப்பட மாட்டான். மாட்டுக்கும் அவசரம் கிடையாது. இரண்டு பகுதிக்கும் ஒத்துப்போயிற்று. விசா சரிவந்து, எங்கேயும் போகலாம் என்று கடுதாசி வந்த பிறகும் அவன் போகவில்லை. கோடையில் மலையில் எடுபிடி வேலை, மாரியில் கீழே, பயணிகள் தங்குகிற வாடிவீட்டில் கோப்பை கழுவுகிற வேலை என்று இருந்துவிட்டான்.

அங்கத்தைய வழமை இது. கோடை தொடங்க, எல்லா வீட்டிலும் இன்னும் கன்று போடாத கன்னி மாடுகளையும் ஒன்றாகச் சேர்த்து மேலே மலைப்புல்லுக்கு அனுப்புவார்கள். ஒரு மேய்ப்பன் அவற்றோடு கோடை முழுக்க மேலே இருப்பான். செப்டெம்பரில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வருவான். அன்றைக்கு ஊரே திரளும், பாண்ட் வாத்தியம் அடிப்பார்கள். ஒரு மாடுகூடச் சாகாமல், விழாமல், தொலையாமல் வந்தால் முன்னுக்கு வருகிற மாட்டின் தலையில் பூமுடி வைப்பார்கள். தேவதாரு இலையும் மலைப்பூவும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக் கட்டிய பெரிய முடி. ஒரு மாடு குறைந்தாலும் பூமுடி கிடையாது, வாத்தியம் கிடையாது. செத்தவீட்டுக்குப் போகிற மாதிரி அமைதியாக இறங்குவார்கள்.

பழைய மேய்ப்பனுக்கு இடுப்பு எலும்பு மாற்றியதால் மலை ஏற முடியாமல் போயிற்று. கஸ்பார் தபோதரனை விடலாம் என்றார். சங்கத்தில் பாதிப்பேர் ஓம் என்றார்கள், பாதிப்பேர் தலையைச் சொறிந்தார்கள். ஆலை வீட்டு ரொஸ்விதா என்ற மனுசி மட்டும், என் மாடுகளை நான் தெரியாத கையில் விடமாட்டேன் என்று நேராகச் சொன்னாள். கடைசியில் ஒரு கோடைக்குப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. பூமுடி வந்தால் மேய்ப்பன் வேலை அவனுக்கே, மாரியில் பாலாடைக்கட்டிச் சாலையிலும் இடம். வராவிட்டால் வேறு ஆள்.

இதைத் தேவமலருக்கும் சொன்னான். தேவமலர் ஏற்கனவே அவனுக்கு ஹம்மில் ஆணி பெட்டியில் அடைக்கிற பக்ரறியில் இடம் பார்த்து, பெண்ணும் பார்த்து வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு ஒப்பந்தம். பூ வந்தால் அவன் மலையில். வராவிட்டால் ஹம்மில், ஆணியோடு.

அந்தக் கோடையில் அவன் இன்னொரு வேலையும் பார்த்தான். மாடுகளுக்கு வீட்டுக்காரர் வைத்த பெயர்கள் அவன் வாயில் நிற்கவில்லை, பாதி மாட்டுக்கு லீஸெல் என்றே பெயர். அதனால் குணத்தைப் பார்த்துத் தன் சொந்தத்துப் பெண்களின் பெயர்களை வைத்தான். தன் புல்லை விட்டுவிட்டு மற்ற மாட்டின் புல்லை எட்டிப் பார்க்கிறதுக்குச் சுந்தரேஸ்வரி. யாரையும் கேட்காமல் முன்னுக்கு நடக்க, மற்றதெல்லாம் ஏன் என்று தெரியாமல் பின்னால் போகிற ஒன்றுக்குத் தேவமலர். என் பெயரிலும் ஒரு மாடு இருந்ததாம். அது எப்படிப்பட்ட மாடு என்று நான் கேட்கவில்லை.

பெயர் வைத்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. மாமிமாரையும் பெரியம்மாமாரையும் வா, போ என்று எப்படிக் கூப்பிடுவது. வளர்ப்பு அப்படி இல்லையே. ஆகவே மாடுகளை வாங்கோ, போங்கோ, அங்காலை நில்லுங்கோ என்றே மேய்த்தான். கொஞ்ச நாளில் அந்த மாடுகள் ஜெர்மன் மொழியில் சொன்னால் அசையாமல் நின்றன. கஸ்பார் கிழமைக்கு ஒருமுறை உப்புக் கொண்டு மேலே போகிறவர், வேறு வழியில்லாமல் அவரும் "வாங்கோ, வாங்கோ" என்று பழகிக்கொண்டார். ஜெர்மனியில் பிறந்த எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் மரியாதைச் சொல் தெரியாமல் திரிகிற நேரத்தில், அந்த மீசைக்காரர் மாட்டுக்கு மரியாதை கொடுத்தார்.

மேலே ஒரேயொரு பாறைக்கு மேல் ஏறினால்தான் ரெலிபோன் எடுபடும். அங்கே இருந்துதான் தேவமலரோடு கதைப்பான். பாறையைச் சுற்றி மாட்டு மணிகள் கிணுகிணுக்கும். செப்டெம்பர் கிட்ட வர, "மாமி, எல்லாம் சரியாய் வந்தால் அண்டைக்கு மாட்டுக்குப் பூ வைப்பினம்" என்றான். தேவமலருக்கு ஒரு பழக்கம். வசனத்தில் தனக்குப் பிடித்த சொல்லை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மாட்டுக்குப் பூ என்பதை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை அவளுடைய வீட்டு ஹோலில் உட்கார இடமில்லை. எங்கும் செவ்வந்திப் பூ. ஒல்லாந்தில் இருந்து பூக் கொண்டுவருகிற ஒருவரைப் பிடித்துச் சாக்குக் கணக்கில் எடுத்திருந்தாள். நாங்கள் இருந்து மாலை கட்டினோம். ஒரு மாட்டுக்குத்தானே என்று நான் கேட்டேன்.

"ஒரு மாட்டுக்குப் போட்டுட்டு மற்ற மாடுகளைச் சும்மா விடுறதோ? பட்டிப்பொங்கலுக்கு அப்பிடியோ செய்தனாங்கள்?" என்றாள் தேவமலர். "கலியாணவீட்டிலை ஒரு ஆளுக்கு மட்டும் தாம்பூலம் குடுக்கிற மாதிரி இருக்கும்."

பெடியனைத் திருப்பிக் கூட்டிவரப் போகிறவள் ஏன் மாலையோடு போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு, அவன் எப்படியும் தோற்று வருவான், தோற்றாலும் எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு வந்து பார்த்தார்கள் என்று ஒரு சொல் வரக்கூடாது என்றாள்.

ஒரு வான் வண்டியில் போனோம். தேவமலரின் மனிசன் மகேந்திரராஜா ஓட்டினார். மகள் மிதுஷா பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறவள், ஜெர்மன் கதைக்க வந்தாள். மாலைச் சாக்குகளும் இரண்டு குலை வாழைப்பழமும் சந்தனமும் குங்குமமும் பின்னுக்கு. எங்களுக்குக் கால் நீட்ட இடமில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாடிவீட்டில் இறங்கினோம். தபோதரன் மலையில் இருந்தான், அடுத்தநாள்தான் இறங்குவான். கஸ்பார் எங்களை வரவேற்று, உருகின பாலாடைக்கட்டி கலந்த மாவுச் சாப்பாடு வாங்கித் தந்தார். பிடித்து இழுத்தால் கட்டி நூலாக நீண்டு கையோடு வந்தது. தேவமலர் கைப்பைக்குள் இருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். கஸ்பார் ஒரு கரண்டி முழுக்க எடுத்து வாயில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு இன்னொரு கரண்டி எடுத்தார்.

ஊறுகாய்க்குப் பிறகு அவருக்குப் பேச்சு வந்தது. மிதுஷா தமிழில் சொன்னாள். முந்தி அங்கே ரோட்டு இல்லையாம், மலைக்கு மேலால் ஒரு கழுதைப் பாதைதான். மாரியில் அதுவும் மூடிவிடும். அந்த நேரம் யாராவது செத்தால் பாதிரியார் வரும் வரைக்கும், அதாவது ஸ்னோ கரையும் வரைக்கும், ஆளை மேல் பரணில் வைத்திருப்பார்களாம். கஸ்பாரின் பூட்டனார் அப்படி இரண்டு மாதம் இறைச்சி வத்தலுக்குப் பக்கத்தில் இருந்தாராம். கலியாணம் நடந்த விதம் அதைவிட நல்லது. பெடியன்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு ஒருநாள் பெண் பார்க்கப் போவார்கள். ஸ்னோ கொட்டிப் பாதை மூடிவிடும். வசந்தம் வரைக்கும் பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஸ்னோ கரைந்து பாதை திறக்கிற நேரம், பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வர எந்தப் பெடியனுக்கும் முகம் இருக்காது. ஹின்டர்பாஹ் குடும்பங்கள் முக்கால்வாசி அப்படித்தான் உண்டானதாம்.

தேவமலர் இதைக் கேட்டு, கலியாணப் புரோக்கருக்குக் கொடுக்கிற காசு மிச்சம் என்றாள். நான் கஸ்பாரின் சொந்தத்தை விரல் மடித்து விசாரித்தேன். ரொஸ்விதாவின் தகப்பனும் கஸ்பாரின் தாயும் அப்படிப் பெண் பார்க்கப் போய் மாட்டுப்பட்ட ஒருவரின் பேரப்பிள்ளைகள். அப்படியென்றால் ரொஸ்விதா உங்களுக்கு மச்சாள், அவவோடு நீங்கள் பகிடி விடலாமே என்றேன். மிதுஷா சொல்ல, கஸ்பார் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ரொஸ்விதாவோடு யாரும் பகிடி விடுவதில்லை என்றார்.

அடுத்தநாள் காலமை நாங்கள் குளித்து, சேலை உடுத்து, மேலே போகப் புறப்பட்டோம். மாடுகள் இறங்குகிற வழியில் ஊருக்குக் கொஞ்சம் மேலே ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே நிறுத்தித்தான் பெரிய மணி கட்டுவார்கள், பூமுடி வைப்பார்கள். மகேந்திரராஜா முழங்கால் நோகுது என்று சொல்லி வானோடு வாடிவீட்டுப் பின்வளவில் நின்றுவிட்டார். ஒரு சாக்கு மாலையும் கொஞ்சக் குங்குமமும் வாழைக்குலையும் அவரோடு.

நாங்கள் போவதற்கு முன்னரே மேலே காரியம் கெட்டுவிட்டது. தபோதரன் இருட்டோடு மாடுகளைப் புல்வெளிக்கு இறக்கி, விடிந்து எண்ணிப் பார்த்தபோது ஒன்று இல்லை. அது ரொஸ்விதாவின் மாடு. ஊர் முழுக்க இருந்த மாடுகளில் அதுதான் தொலைய வேண்டும் என்று இருந்திருக்கிறது. அவனும் அங்கே காத்து நின்ற கஸ்பாரும் திரும்பி மலைக்கு ஓடினார்கள். உதவிக்கு நின்ற இரண்டு பேரில் ஒருவர் கீழே போய் ஊருக்குச் சேதி சொன்னார். வாத்தியக்காரர் வாத்தியத்தை உறைக்குள் போட்டார்கள். பூமுடியை ஊர் வேதக்கோயில் வாசலில் துணியால் மூடிவிட்டார்கள்.

இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் குறுக்குப் பாதையால் ஏறினோம், மிதுஷா சப்பாத்துக் கடித்துப் பாதி வழியில் இருந்துவிட்டாள். புல்வெளிக்குப் போனால் மாடுகள் பூவும் இல்லாமல் பொட்டும் இல்லாமல் நிற்கின்றன. தபோதரனைக் காணவில்லை. ஒரு மனிதர் பாண் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்.

"பார், இன்னும் ஒண்டும் செய்யேல்லை" என்றாள் தேவமலர். "இவன் எப்பவும் இப்பிடித்தான், ஆறுதலாய் நடப்பான். வாங்கோ, நாங்களே செய்வம்."

அந்த மனிதர் கையையும் தலையையும் ஆட்டி ஏதோ சொன்னார். அவர்கள் கதைக்கிற ஜெர்மன் மற்ற ஜெர்மன்காரருக்கே விளங்காது. தேவமலர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டாள். அவர் இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார். அவருக்கும் ஒரு மாலை போட்டாள்.

மாடுகள் நல்ல மாடுகள். வாங்கோ என்றால் வந்தன, நில்லுங்கோ என்றால் நின்றன. சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து ஒவ்வொன்றுக்கும் மாலை போட்டோம். சுந்தரேஸ்வரி என்ற மாடு பக்கத்து மாட்டின் மாலையைத் தின்றது, பிறகு கேட்டபோதுதான் அதன் பெயர் தெரிந்தது. கடைசி மாட்டுக்குப் பொட்டு வைத்து முடிய, தேவமலர் திருப்தியாக, "சரி, இனிப் போவம், வாங்கோ" என்றாள். எங்களிடம்தான் சொன்னாள். மாடுகள் எல்லாம் புறப்பட்டுவிட்டன.

நிறுத்த ஏலவில்லை. வீடு கிட்ட என்று அதுகளுக்குத் தெரியும். முன்னுக்கு மாடுகள், பின்னுக்கு நாங்கள், எங்களுக்குப் பின்னால் மாலையோடு அந்த மனிதர். ஊருக்குள் இறங்கினோம். வெளியூரில் இருந்து பார்க்க வந்த சனம் கைதட்டிப் படம் எடுத்தது. ஆனால் ஹின்டர்பாஹ் ஆட்கள் ஒருவரும் கைதட்டவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். செத்தவீட்டுக்கு மேளத்தோடு போனால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

கோயில் வாசலில் ரொஸ்விதா நின்றாள். நெட்டையான மனுசி. கையைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். உரத்தே சொன்னாள். மிதுஷா அப்போதுதான் ஓடிவந்து சேர்ந்தாள். ரொஸ்விதா சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அவவின்ரை மாடு தொலைஞ்சு போச்சாம். எங்கையோ பள்ளத்திலை விழுந்து கிடக்குமாம். ஒரு மாடு இல்லாட்டிப் பூவே வைக்கக் கூடாதாம். தபோ மச்சான் களவுக்குப் பூ வைச்சு ஊரை ஏமாத்தப் பாத்தவர் எண்டு சொல்லுறா."

அந்த நேரம் பார்த்து மலைப்பாதையால் தபோதரனும் கஸ்பாரும் வெறுங்கையோடு வந்தார்கள். பெடியன் வியர்த்து, சேறாகி, கண் சிவந்துபோய் இருந்தான். கொண்டாட்டக் கோலத்தில் நின்ற மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியாக மாமியைப் பார்த்தான்.

"என்ன மாமி செய்தனீங்கள்" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

தேவமலர் நினைத்து வந்தது நடந்துவிட்டது. பூ இல்லை, வேலை இல்லை, பெடியன் ஹம்முக்கு வர வேண்டியதுதான். சந்தோஷப்பட்டிருக்கலாம். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். என் மருமகன் களவு செய்கிறவன் இல்லை, மாலை போட்டது நான், அவனுக்குத் தெரியாது என்று ரொஸ்விதாவுக்குச் சொல்லச் சொன்னாள். மிதுஷா சொன்னாள். ரொஸ்விதா கையைக் கட்டியபடியே நின்றாள். பிறகு தேவமலர் தபோதரனிடம், எந்த மாடு தொலைந்தது, அதன் குணம் என்ன, சொல் என்றாள்.

தபோதரன் நிலத்தைப் பார்த்தான். மிதுஷா அதையும் ஜெர்மனில் சொல்ல, அவனுக்குப் பதிலாகக் கஸ்பார் உதவிக்கு வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, "தேவமலர்" என்றார்.

"ஓம், நான் இஞ்சைதானே நிக்கிறன்" என்றாள் தேவமலர்.

கஸ்பார் தலையை ஆட்டிவிட்டு மலையைக் காட்டி, மறுபடியும் "தேவமலர்" என்றார். மிதுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். தேவமலருக்கு விஷயம் மெல்ல மெல்ல ஏறியது. தபோதரன் காதுகளும் சிவந்துபோய் நின்றான். ஏச்சு விழும் என்று நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றோம்.

"ஏன் அதுக்கு என்ரை பேரை வைச்சனீ?" என்றாள்.

"அதுதான் மாமி எப்பவும் முன்னுக்குப் போறது. மற்றதெல்லாம் அதுக்குப் பின்னாலை போகும். அது இல்லாட்டி ஒண்டும் நடக்காது" என்றான் பெடியன்.

தேவமலர் சேலைத் தலைப்பை இன்னொருதரம் இறுக்கிச் செருகினாள். பிறகு வைத்தியர் மாதிரிக் கேட்கத் தொடங்கினாள். முதல்நாள் அதற்கு ஏதாவது கோபம் வந்ததா என்று கேட்டாள். ஓம், உப்பு வைக்கிறபோது வேறு மாட்டுக்கு முதலில் வைத்துவிட்டேன் என்றான்.

"அப்ப அது பள்ளத்திலை விழேல்லை" என்றாள் தேவமலர் உறுதியாக. "என்ரை குணம் எண்டால் கோவிச்சுக்கொண்டு தன்ரை பாட்டுக்கு முதலே வந்திருக்கும். மலையிலை தேடினால் வராது. சாப்பாடு எங்கை இருக்குதோ அங்கை பாருங்கோ."

இதை மிதுஷா ஜெர்மனில் சொல்லி முடிக்கவில்லை, அவளுடைய கைப்பேசி டிங் டிங் என்று அடித்தது. அந்த ஊரில் கோயில் வாசலில்தான் நன்றாக எடுபடும். மேலே நின்றபோது வராமல் இருந்ததெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. குடும்பக் குழுவில் மகேந்திரராஜா போட்ட படம். அவர் வானின் பின்கதவில் இருக்கிறார். பக்கத்தில் ஒரு மாடு. அதன் கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், வாயில் வாழைப்பழம். கீழே எழுதியிருந்தது: முதலாவது மாடு வந்துவிட்டது, மற்ற மாடுகள் எங்கே?

தபோதரன் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, காதில் இருந்த மஞ்சள் இலக்கத்தைப் பார்த்தான். உடனே ஓடத் தொடங்கினான். அவன் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். ஊரே பின்னால் ஓடியது. மாடுகளும் வந்தன.

வாடிவீட்டுப் பின்வளவில் மகேந்திரராஜா வானுக்குள் நித்திரை. மாடு வானின் கொழுக்கியில் கட்டியிருந்தது. கயிறு இல்லாதபடியால் தான் உடுக்கக் கொண்டுவந்த பட்டு வேட்டியால் கட்டியிருந்தார். ஒரு சாக்கு மாலை முடிந்துவிட்டது. ஒரு குலை வாழைப்பழம் முடிந்துவிட்டது. மாடு வேட்டியின் கரைப் பக்கத்தைத் தொடங்கியிருந்தது. நாங்கள் மேலே புறப்பட்ட கையோடு அது தனியாக இறங்கி வந்ததாம். விழாவுக்கு வந்த மாடு, நேரத்துக்கு வந்திருக்கிறது, மரியாதை செய்து வைப்போம் என்று அவர் நினைத்திருக்கிறார்.

ரொஸ்விதா மாட்டைச் சுற்றி வந்து கால்களைத் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. மகேந்திரராஜாவைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், தன் மாட்டின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். அந்த நெட்டை மனுசி வானில் சாய்ந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கஸ்பார் அவளை அப்படிப் பார்த்ததே இல்லையாம். துணிந்து தானும் ஒரு பகிடி விட்டார். என்ன பகிடி என்று மிதுஷா சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

பிறகு சங்கத்துக்காரர் பின்வளவில் நின்றபடியே கதைத்தார்கள். மாடுகள் எல்லாம் உயிரோடு வந்துவிட்டன. முதலில் வந்தது எதுவோ அதற்குத்தான் பூமுடி. முதலில் வந்தது இதுதான், அதற்குப் படமும் இருக்கிறது. ரொஸ்விதா தானே போய் கோயில் வாசலில் இருந்து பூமுடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாத்தியக்காரர் உறையைக் கழற்றினார்கள்.

கஸ்பார் பூமுடியைக் கையில் ஏந்தி, தொண்டையைச் செருமி, தனக்குத் தெரிந்த அவ்வளவு தமிழையும் சேர்த்து, "தேவமலர், வாங்கோ" என்றார்.

இரண்டு பேரும் போனார்கள்.

பூமுடி மாட்டுக்குத்தான் வைத்தார்கள். தேவமலர் பக்கத்தில் நின்று அதன் கொம்பில் ஒரு சொட்டுச் சந்தனம் வைத்துவிட்டு, தபோதரனைப் பார்த்து, "ஆணிப் பக்ரறிக்கு நான் நாளைக்கு ரெலிபோன் எடுத்து ஏலாது எண்டு சொல்லுறன்" என்றாள். அவன் அவளுடைய காலில் விழப் போனான். சேற்றோடு தொடாதை, இது கூறைச்சேலை என்று தள்ளிவிட்டாள்.

பெண் பார்க்கிறதை மட்டும் அவள் விடவில்லை. மாரியில் கூட்டிக்கொண்டு போய் ஸ்னோ விழ விட்டால் காரியம் முடியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஒவ்வொரு செப்டெம்பரும் எங்களுக்கு அழைப்பு வருகிறது, மாலையையும் கொண்டு வாங்கோ, ஆனால் எண்ணி முடிகிற வரைக்கும் சாக்கை அவிழ்க்க வேண்டாம் என்று ரொஸ்விதா சொல்லிவிடுகிறாள்.

தபோதரன் இப்போதும் ஹின்டர்பாஹில் அந்தப் பழைய பள்ளிக்கூடத்து மேல்மாடியில்தான் குடியிருக்கிறான். அங்கே அவனைப் பள்ளிக்கூடத்து வீட்டுத் தபோ என்கிறார்கள். இது கோடை, மலையில் மாடுகளோடு இருக்கிறான்.